கை விழுந்த படம்

"எந்த வெளிச்சம் நல்ல வெளிச்சம், டீச்சர்?"

வந்து உட்கார்ந்ததும் தவசிலிங்கம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கொடுத்த தண்ணீரைக்கூட அவர் குடிக்கவில்லை.

சண்முகவடிவு டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் கற்றுக்கொள்ள வருவார்கள். சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், சும்மா உட்கார வைத்ததுதான் அதிகம் என்று குறைபட்டுக்கொண்டு போவார்கள். போனவர்களே திரும்பவும் வருவார்கள்.

"யாரைப் படம் எடுக்கப் போறீங்க அண்ணாச்சி?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

பொதுவாகக் கேட்கிறவர் இந்த வெயிலில் இத்தனை தூரம் வண்டியை ஓட்டிக்கொண்டு வரமாட்டார். டீச்சருக்கு அது தெரியும். ஆனால் தோண்டித் துருவிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

தவசிலிங்கம் ஒன்றும் கற்றுக்குட்டி அல்ல. பஜாரில் முப்பது வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. செத்துப்போனவர்களுக்கு மாலை போட்டு மாட்டுகிற படத்தை அவரைப் போல யாரும் செய்ய முடியாது. நம் ஆட்களுக்கு உயிரோடு இருப்பவரை உட்கார வைத்து ஒரு படம் எடுக்க நேரமே கிடைப்பதில்லை. போன பிறகுதான் பீரோவைக் கவிழ்த்துப்போட்டுத் தேடுவார்கள். யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ ஒன்று கிடைக்கும்.

"இதுல ரெண்டாவதா நிக்காருல்லா, இவரை மட்டும் எடுத்துக் குடுங்க அண்ணாச்சி."

தவசிலிங்கம் அவரை மட்டும் வெட்டி எடுப்பார். பின்னால் நீலம் போடுவார். மூடியிருந்த கண்ணைத் திறந்துவிடுவார். குரூப்பில் நிற்கிறவர் தோளில் பக்கத்து ஆளின் கை கிடக்கும். அதை அழிப்பதில்தான் அவருடைய வித்தையே இருந்தது. அவர் அழித்துவிட்டால் அங்கே ஒரு கை இருந்தது என்று கையைப் போட்டவனுக்கே தெரியாது.

"ஸ்விட்சைப் போட்டாத்தான் டீச்சர் எனக்கு விடியும். சூரியனை நம்பி ஒரு படம் எடுத்ததில்ல. இப்ப எடுக்கணும்."

டீச்சர் முற்றத்தைக் காட்டினார். அங்கே ஒரு கல்தொட்டி கிடந்தது. முன்பு ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தது.

"நாளைக்கு விடியுறதுக்கு முன்னால வந்து, இருட்டுற வரைக்கும் இதை எடுங்க."

"தொட்டியையா?"

"தொட்டியைத்தான். அது கண்ணைச் சிமிட்டாது. சிரிங்கன்னு கெஞ்ச வேண்டாம்."

மறுநாள் அவர் இருட்டோடு வந்தார். பையைத் திறந்து கேமராவை எடுக்கப் போனவரை டீச்சர் தடுத்தார்.

"அது உள்ளேயே இருக்கட்டும். முதல்ல கையை நீட்டுங்க."

"கையையா?"

"முகம் எங்க வரப்போகுதோ அந்த இடத்துல கையை நீட்டிப் பாருங்க. வெளிச்சத்தைச் சும்மா பாத்தாத் தெரியாது. எது மேலயாவது விழுந்தாத்தான் தெரியும். கையில விழுந்ததைப் பாத்துட்டு அப்புறம் கேமராவை எடுங்க."

தவசிலிங்கம் தொட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு இடது கையை நீட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம் கையில் கிடந்தது. தொட்டிக்கு நிழலே இல்லை. சூரியன் காட்டுக்கு மேலே தலை காட்டியதும் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. ஒவ்வொரு கைரேகையும் வெட்டிவிட்ட வாய்க்காலைப் போல எழுந்து நின்றது. தொட்டியில் உளி பட்ட இடமெல்லாம் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் அந்த அழகு குறைந்து வெளிச்சம் கெட்டியானது. உச்சிப் பொழுதில் விரலின் நிழல் விரலுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டது.

"இந்நேரம் முகம் எடுத்தா கண்ணு ரெண்டும் குழியாயிரும்" என்றார் தவசிலிங்கம்.

"ஆமா."

தொட்டியின் ஒரு பக்கம் பொரிந்தது. மறுபக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. டீச்சர் அப்போதுதான் துவைத்த துணிகளைக் காயப்போட வந்தார். கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார். இருட்டாகக் கிடந்த பக்கம் மெல்லத் துலங்கியது. அங்கே பாசி பிடித்திருந்த பச்சைகூடத் தெரிந்தது.

தவசிலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"வெயில் அந்தப் பக்கம்லா இருக்கு. இது எங்கேயிருந்து வருது?"

"வேட்டியில பட்டுத் திரும்புது."

"இத்தனை நேரம் ஏன் திரும்பலை?"

"கரிசல் திருப்பித் தராது அண்ணாச்சி. விழுந்ததை எல்லாம் முழுங்கிரும். பக்கத்துல ஏதாவது ஒண்ணு நிக்கணும்."

சாயங்காலம் வெளிச்சம் மஞ்சளாகிப் பிறகு செம்மண் நிறமானது. சூரியன் இறங்கிய பிறகும் வானத்தில் கொஞ்சம் மீதியிருந்தது. அதில் தொட்டி ஒரு கீறலும் இல்லாததுபோல் இருந்தது. அன்றைக்கு எடுத்ததை எல்லாம் தவசிலிங்கம் கேமராவின் திரையில் முன்னும் பின்னுமாகத் தள்ளிக் காட்டினார். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் மணி சொன்னார். இது எட்டு. இது மூணு தாண்டியாச்சு. இது ஒன்பதரை, மேகம் மறைச்சிருக்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். முகத்துக்கு எந்த வெளிச்சம்?"

"யார் முகம்?"

அவர் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். பையின் ஜிப்பை இழுத்தார். அது சரியாகத்தான் மூடியிருந்தது. திரும்பவும் இழுத்தார்.

"என் வீட்டுக்காரி. ஆவுடை. மதுரையில கொண்டுபோய்ப் பாத்தாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

டீச்சர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஊர்ல உள்ளவங்களை எல்லாம் வெட்டி எடுத்து மாட்டிட்டேன். இவளை வெட்டி எடுக்க மாட்டேன் டீச்சர். இவளுக்குன்னே உக்கார வச்சு எடுத்ததா ஒண்ணு வேணும். அவகிட்ட இருக்கது எங்க கல்யாண குரூப்பும் ரேஷன் கார்டுக்கு எடுத்ததும்தான். ஸ்டூடியோக்காரன் பொண்டாட்டி. நல்லா எடுக்கணும், நல்லா எடுக்கணும்னே தள்ளிப் போட்டுட்டேன்."

அவர் பையைத் தோளில் மாட்டினார். "நாளைக்கும் வரட்டுமா? அந்தி வெளிச்சத்தை இன்னும் சரியாப் பாக்கலை" என்றார்.

"தொட்டி எங்கயும் போயிராது அண்ணாச்சி."

தவசிலிங்கம் அதைக் கேட்டுத் தலையாட்டினார். பாதிதான் புரிந்துகொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போனார். கையை நீட்டி வெளிச்சம் பார்க்கிற பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்.

ஆவுடை முப்பது வருஷம் ஸ்டூடியோவில் கேமராவுக்கு இந்தப் பக்கமே நின்றவள். கல்யாணப் பெண்களுக்குப் பவுடரை ஒத்தி விடுவாள். குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவாள். அந்தப் பக்கம் போய் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது அவளுடைய கட்டிலைக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எதிரே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தியிருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாலை போடத் தோதா கழுத்து வரைக்கும் எடுத்தாப் போதும், என்ன?"

"வாயை மூடு."

"மூடினாச் சிரிச்ச மாதிரி வராதுங்க."

அவர் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

காலையில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. தொட்டியில் உளிபட்ட இடத்தைக் காட்டிய அதே வெளிச்சம் இவள் கன்னத்துப் பள்ளத்தையும் கழுத்தெலும்பையும் காட்டியது. வேண்டாம் என்றார். உச்சிப் பொழுதில் அறை மங்கிவிடும். கண்கள் குழிக்குள் போய்விடும். அதுவும் வேண்டாம். சாயங்காலம் வாசல் பக்கம் வருகிற மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார வைத்தால் சீக்குக்காரி என்றே தெரியாது. ஆனால் சாயங்காலம் மாத்திரை மயக்கத்தில் அவள் தூங்கிப்போவாள். எழுப்ப மனசு வராது. நாளைக்குப் பார்க்கலாம் என்பார்.

மனுஷன் நாள் முழுக்க அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்தது அவளை இல்லை. அவள் முகத்தில் விழுந்த நிழலை. எனக்கு அவர் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கோபப்பட்டு என்ன செய்ய? அவருக்குத் தெரிந்த அன்பு அந்த வடிவத்தில் இருந்தது.

ஒரு காலையில் ஆவுடைக்கு உடம்பு கொஞ்சம் தேவலை. தானாக எழுந்து சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். கொண்டையைக் கையால் தடவிச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப எடுங்க. எனக்கு இப்ப நல்லாருக்கு."

தவசிலிங்கம் ஸ்டாண்டுக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார். வலது கையில் கேமராவை அழுத்துகிற ஒயர். ஜன்னலுக்கு மறுபக்கம், இருட்டாக இருந்த கன்னத்துக்கு அருகில் இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார். வெளிச்சம் எவ்வளவு வந்து எட்டுகிறது என்று பார்க்க. இப்படிக் கையோடு சேர்த்து ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்ப்பது இப்போது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

கை கன்னத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஆவுடை கண்ணைப் பாதி மூடினாள். முகத்தை மெல்ல அந்தக் கையின் பக்கம் சாய்த்தாள். அதே நேரத்தில் அவர் ஒயரை அழுத்திவிட்டார்.

"ஆடாத ஆவுடை. வெளிச்சம் பாக்கேன்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

"ஓ" என்றாள் அவள். முகத்தை நேராக்கிக்கொண்டாள். "வெளிச்சமா" என்றாள்.

கேமராவின் திரையில் அவர் பார்த்தார். படத்துக்குள் அவர் கை விழுந்திருந்தது. கண்ணும் சரியாகத் திறந்திருக்கவில்லை. இன்னொன்று எடுக்கலாம் என்று நிமிர்ந்தபோது ஜன்னலில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

"ரொம்பக் கடுமையா விழுது. ஜன்னலுக்கு வெளியே வேட்டி ஒண்ணைக் கட்டினா வெளிச்சம் வடிகட்டி வரும். அப்ப எடுத்தா உன்னை மாதிரி யாரும் இருக்க முடியாது, பாரு."

"செத்த நேரம் சும்மா பக்கத்துல உக்காருங்களேன்."

"உக்காருதேன். இதை முடிச்சுட்டு உக்காருதேன்."

மறுநாள் காலையில் அவர் புது வேட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரில் அதன் ஒரு முனையைக் கட்டி, ஜன்னலுக்கு நேராகத் தொங்கவிட்டார். காற்று தூக்கிக்கொண்டே இருந்தது. கீழ் முனையில் கல் கட்டி இறக்கி, கோணலைச் சரிசெய்து, மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். நினைத்ததைவிட நேரமாகிவிட்டது. மாடியிலிருந்தே, "இப்ப எப்படி இருக்கு?" என்று கத்தினார். பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கீழே வந்து பார்த்தார். அறை முழுவதும் பால் ஊற்றினாற்போல வெளிச்சம். ஒரு நிழல்கூடக் கடுமையாக இல்லை. கன்னத்துப் பள்ளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு தெரியவில்லை. முப்பது வருஷத்தில் அவர் எந்த விளக்கிலும் பார்த்திராத வெளிச்சம் ஆவுடையின் முகத்தில் விழுந்துகிடந்தது. அவள் இல்லை.

இறந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தவர் அவர். கேமரா ஸ்டாண்டிலேயே இருந்தது. ஒயர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை வாங்கி வந்த ஆவுடையின் தம்பி சுவரைப் பார்த்துவிட்டு நின்றான்.

"அத்தான், படம் எங்க?"

அவர் கையை விரித்துக் காட்டினார்.

"கல்யாணப் படத்துல இருந்து எடுத்துருங்களேன். நீங்க செய்யாத வேலையா?"

அந்தப் படத்தில் ஆவுடையின் பக்கத்தில் நிற்பது தவசிலிங்கமேதான். அன்றைக்கு மாலையை ஒரு முக்காலியின் மேல் வைத்துக் கும்பிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். முகம் சிறுத்துப்போயிருந்தது. டீச்சருக்குச் செய்தி முன்னமே தெரிந்திருந்தது. எதுவும் கேட்காமல் பாயை விரித்து உட்காரச் சொன்னார். தவசிலிங்கம் கேமராவைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"படம்னு ஒண்ணும் எடுக்கலை டீச்சர். எல்லாம் சோதனை. வெளிச்சம் பாக்கிறதுக்குன்னு எடுத்தது. இதுல எதையாவது தேத்த முடியுமா, பாருங்க."

டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தவசிலிங்கத்தின் கை இருந்தது. பின்னால் ஆவுடை கொட்டாவி விட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டு, கேமராவை முறைத்துக்கொண்டு இருந்தாள். டீச்சர் வாய்க்குள் மணி சொல்லிக்கொண்டே போனார். ஏழு. ஏழரை. மத்தியானம். இது ஒன்பது இருக்கும்.

ஒரு படத்தில் விரல் நின்றது.

அதில் ஆவுடை கையின் பக்கம் சாய்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. கன்னத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி மட்டும் இருந்தது.

"இதா?" என்றார் தவசிலிங்கம். "நானும் இதைத்தான் நினைச்சேன். கண்ணு சரியில்ல, ஆனா திறந்துரலாம். கை விழுந்திருச்சு. அதை அழிக்கிறது எனக்குப் பெரிய வேலை இல்ல."

டீச்சர் கேமராவை இன்னும் கண்ணருகே கொண்டுபோனார்.

"தடவிக் குடுக்கத்தான் கையை நீட்டுதேன்னு நினைச்சிருக்கா டீச்சர். சாஞ்சா. நான் வெளிச்சம் பாக்கேன்னு சொல்லிக் கையை எடுத்துட்டேன்."

அவர் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டச் சொன்னது அவர்தான். கொஞ்ச நேரம் வெளியே கல்தொட்டி இருக்கும் பக்கம் பார்த்திருந்தார்.

"இது எத்தனை மணி வெளிச்சம் டீச்சர்? அதையாவது சொல்லுங்க. நான் பாத்து வைக்கலை."

"ஜன்னல் பக்கம் எட்டரை இருக்கும்."

"ம்."

"இந்தக் கன்னம் இருட்டா இருந்திருக்கணும் அண்ணாச்சி. மத்த படத்துல எல்லாம் இருட்டாத்தான் இருக்கு. இதுல பாருங்க."

தவசிலிங்கம் குனிந்து பார்த்தார். ஜன்னலுக்கு மறுபக்கம் இருந்த கன்னம் துலங்கியிருந்தது. வெயிலின் மஞ்சள் இல்லை. வேட்டியின் வெள்ளை இல்லை. தோலின் நிறத்தில், வெதுவெதுவென்று ஒரு வெளிச்சம் காதோரம்வரை பரவியிருந்தது. முப்பது வருஷம் விளக்குகளோடு வாழ்ந்தவர் அவர். பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டார்.

"எங்கேயிருந்து வருது?"

டீச்சர் கேமராவை அவருடைய விரித்த உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தக் கையை அழிச்சிட்டா, அண்ணாச்சி, அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"